அதாச்சும் அசல்

கொழிஞ்சாம்பாறை ஒர்க்‌ஷாப்பில் முன்பக்கம் நசுங்கி நின்ற அந்தப் பழைய ரேஸ் காரை, விபத்தை விசாரிக்க வந்த அதிகாரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பாடி டூப்ளிகேட். இன்ஜினும் டூப்ளிகேட்."

"எம் பையன் ரியாஸ் அதை மறைக்கலீங்களே" என்றார் குஞ்சு முகம்மது. "பழைய கார் பந்தயத்துல எல்லாரும் 'டூப்ளிகேட் வண்டி'ன்னு சிரிச்சாங்க. அவன் மொகம் வாடிப்போச்சு. நான்தானுங்க பொள்ளாச்சியெல்லாம் அலைஞ்சு, அந்தக் காலத்துச் சாமான் ஒண்ணு புடிச்சுக் குடுத்தேன். அதாச்சும் அசல்தானுங்களே?"

அதிகாரி குனிந்து, இரண்டாக அறுந்து கிடந்த சீட் பெல்ட்டை வெளியே எடுத்தார்.

"அசலேதான் பாய். அறுபது வருஷத்துல நூலெல்லாம் இத்துப்போச்சு."

பெரியவரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"இதுவும் டூப்ளிகேட்டா இருந்திருந்தா, உங்க பையன் பொழைச்சிருப்பான்."