திமிரித் தோல்

வேலாயுத மேஸ்திரி வந்து நின்றதும், தோல் பதனிடும் மண்டியின் முதலாளி அப்துல் ஹமீத் சாயபு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“ஆளுங்களுக்கு லீவு கேட்டு வந்தியா? கிடையாது, போ.”

“இல்லீங்க மொதலாளி. சுண்ணாம்புக் குழியில தோலு வெடிக்குதுங்க.”

சாயபு எழுந்தேவிட்டார். “எத்தினி?”

“பதினொண்ணுங்க. திமிரியிலேர்ந்து வந்ததுதான் ஜாஸ்தி.”

“திமிரித் தோல் கெட்டியாச்சே!”

“ரொம்ப நாளு ஊறிடுச்சுங்க.”

“இன்னாய்யா மேஸ்திரி நீ! உடனே வெளியே எடு. நல்லாக் கழுவி, புங்க எண்ணெய் தடவி, ரெண்டு நாள் நெழல்ல போடு. ஒண்ணு வீணானாலும் உன்னைச் சும்மா விடமாட்டேன்.”

“உத்தரவுங்க.”

மேஸ்திரி நேரே குழிக்குப் போனார். முழங்காலளவு சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று தோல் புரட்டிக்கொண்டிருந்த பதினொரு பேரையும் கூப்பிட்டார்.

“ஏறுங்கப்பா. காலைக் கழுவி, எண்ணெய் தடவிக்கினு ரெண்டு நாள் நெழல்ல உக்காருங்க. மொதலாளி உத்தரவு.”

திமிரி மாணிக்கம் புண்ணான காலை மெல்லத் தூக்கிக் கரையில் வைத்தான். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. “லீவா? அவரா குடுத்தாரு?”

“தோலு வெடிக்குதுன்னேன். யாரு தோலுன்னு அவரு கேக்கல.”