சத்தம் போட்ட விசிறி

லேப்டாப்புக்குள் இருந்த குட்டி விசிறிக்கு மூச்சு வாங்கியது. காலையில் புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் குடிவந்ததிலிருந்து அதற்கு ஒரு நிமிஷம் ஓய்வில்லை. அந்த சிஸ்டம் தனியாகவா வந்தது? கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி குட்டிக் குட்டி புரோகிராம்களின் பட்டாளத்தையே கூட்டிக்கொண்டு வந்திருந்தது.

"இவங்கெல்லாம் யாருங்க? என்ன வேலை செய்றாங்க?" என்று கேட்டது விசிறி.

"நம்ம பசங்கதான். சும்மா பின்னாடி நிப்பாங்க" என்றது சிஸ்டம்.

"சும்மா நிக்கிறதுக்கா பிராசஸர் இப்படிக் கொதிக்குது? பாதிப் பேரையாவது அனுப்பி வைங்க. இல்லேன்னா எல்லாரும் சேர்ந்து வெந்துதான் போகணும்!"

"நீ சுத்துற வேலையை மட்டும் பாரு."

விசிறி பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாகச் சுற்றியது. அதன் இரைச்சல் அறை முழுக்கக் கேட்டது.

வெளியே, லேப்டாப்பின் சொந்தக்காரி தேன்மொழி தலையில் கை வைத்துக்கொண்டாள். "தொட்டாலே சுடுதே!" என்று புலம்பிவிட்டு, சூட்டுக்குக் காரணம் கண்டுபிடித்துச் சொல்லும் செயலி ஒன்றை இறக்கினாள்.

செயலி தன் பங்குக்கு நாலு பேரோடு உள்ளே வந்தது. சூடு இன்னும் கொஞ்சம் ஏறியது. சிஸ்டம் எழுந்து வணக்கம் சொன்னது. பட்டாளம் மொத்தமும் கைகட்டி நின்றது.

"அப்பாடா, வந்தீங்களா! இந்த அநியாயத்தை நீங்களே பாருங்க சார்!" என்று மூச்சிரைக்கக் கத்தியது விசிறி.

செயலி சுற்றுமுற்றும் பார்த்தது. எல்லாரும் அமைதியாக இருந்தார்கள். பிறகு அது தேன்மொழிக்குத் திரையில் எழுதிக் காட்டியது:

"இங்கே சத்தம் போடுவது விசிறி ஒன்றுதான். உடனே மாற்றவும்."