சத்தம் குடிக்கிற சுவர்

நல்லதுக்குச் சொல்லி அனுப்பினால் போவது, கெட்டதுக்கு அழுகை கேட்டால் போவது. தவசிக்கண்ணு அறிந்த முறை அதுதான். அதனால் மகன் இசக்கி விடியற்காலையில் செத்துப்போனபோது அவர் யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை. பெண்டாட்டி செண்பகம் அடிவயிற்றிலிருந்து அழுதாள். மணி பத்தாயிற்று, ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. பிணத்தைத் தூக்க நாலு ஆளாவது வேண்டும்.

அப்புறம்தான் சுவர் ஞாபகம் வந்தது. அவர்கள் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லாச் சுவரும் சத்தத்தைக் குடித்துவிடும். பக்கத்து வீட்டு மிக்ஸி கேட்காது, பிள்ளை அழுவதும் கேட்காது. சனியன் விட்டது என்று அவரும்தான் இத்தனை நாள் நிம்மதியாகத் தூங்கினார்.

"இன்னும் ஓங்கி அழுடி" என்று சொல்லிவிட்டு வாசற்கதவை அகலத் திறந்து வைத்தார். அழுகை நடைவழி முழுக்கப் பரவியது. உடனே எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அந்த வீட்டு வேலம்மாள் எட்டிப் பார்த்தாள். ஒரு ஆளாவது வந்ததே என்று தவசிக்கண்ணு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினார்.

"அண்ணாச்சி, கதவச் சாத்திட்டு அழச் சொல்லுங்க. எம் பய வீட்ல இருந்தே கம்ப்யூட்டர்ல பரீட்ச எழுதுதான்."

"எம் மவன் செத்துட்டாம்மா."

"தெரியுது அண்ணாச்சி, அதான் அழுக கேக்குதுல்லா. பரீட்ச பன்னெண்டு மணிக்கு முடிஞ்சிரும்."

அவள் கதவைச் சாத்தினாள். அவரும் சாத்தினார்.

"யாரு வந்திருக்கா?" என்றாள் செண்பகம்.

"எதிர்வீட்டுக்காரி."

"எங்க அவள?"

"கேட்டுட்டுப் போயிட்டா."