ஈரச் சுவர்

முதல் துளி பிடரியில் விழுந்தபோது ஆரோக்கியம் அண்ணாந்து பார்த்தான். வானம் நீலமாக இருந்தது. இந்தப் பனிநாட்டுக்கு வேலைக்கு வந்து நான்கு மாதமாகிறது, ஒருநாளும் மழை பெய்ததில்லை. மின்கேபிள் பதிப்பதற்காக வெட்டிய, இரண்டாள் ஆழப் பள்ளத்துக்குள் அவன் நின்றிருந்தான். உறைந்த மண் என்பதால் சுவர்கள் கருங்கல்லைப் போல நின்றன. மண் சரியாமல் முட்டுக்கொடுக்கும் பலகைகளை லாரியிலிருந்து இறக்குவதையே வேலையாட்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள்.

கையுறையைக் கழற்றிச் சுவரில் உள்ளங்கையை வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது.

“தவசி, மண்ணு எளக்குற வெந்நீர்க் குழாய எங்கடா விரிச்ச?”

மேலே, உறுமிக்கொண்டிருந்த வெட்டு எந்திரத்தில் உட்கார்ந்திருந்த தவசி உற்சாகமாகச் சொன்னான். “ஒங்க தலைக்கு நேராத்தாண்ணே. கரையோரமா நேத்தே விரிச்சு மூடிட்டேன். நாளைக்குப் பள்ளத்த அகலப்படுத்தணும்ல? எளகிக் கெடந்தா எந்திரத்துப் பல்லு ஒடையாது.”

ஆரோக்கியம் சட்டெனத் திரும்பிப் பார்த்தான். ஏணி இருபதடி தள்ளிச் சாய்ந்திருந்தது.

“எந்திரத்த அமத்து. கரைப்பக்கம் வராத.”

எந்திரம் நின்றது. அந்த அமைதியில் சொட்டுகள் விழுவது கேட்டது. முதலில் ஒன்றிரண்டு, பிறகு சுவர் நெடுக.

“அப்புறம் என்னமோ சொன்னீங்களேண்ணே? சத்தத்துல கேக்கல.” தவசியின் பூட்ஸ் ஒலி தலைக்கு மேலே நெருங்கி வந்தது.

கத்துவதற்கு வாயைத் திறந்தான் ஆரோக்கியம். அதற்குள் சுவர் அவன் உள்ளங்கையை மெல்லத் தள்ள ஆரம்பித்திருந்தது.