ஒரு வாரக் கூழ்

இடது கையை அசைக்கக் கூடாது. அதனால் கண்ணை மட்டும் கதவின் மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

கையிலிருந்து ரத்தம் குழாய் வழியே வெளியே போகிறது. எந்திரம் அதைச் சுத்தம் செய்து திருப்பி அனுப்புகிறது. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம்.

இன்று அது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மனைவி செல்லக்கனி மாடிக்குப் போயிருக்கிறாள். அவளுடைய சிறுநீரகத்தில் ஒன்றை இவருக்கு வைக்கலாமா, கூடாதா என்று இன்று சொல்லிவிடுவார்கள்.

ரத்த வகை ஒன்றுதான் என்று போன மாதமே தெரிந்துவிட்டது. கேட்டதும் அவள் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது. கும்பிடவில்லை. இத்தனைக்குப் பிறகும் வறட்டு கௌரவம்.

யாரையும் குறை சொல்வதற்கில்லை. பதினான்கு வருடச் சர்க்கரை.

ஊரில் டாக்டரிடம் போவதற்கு முந்தின வாரம் மட்டும் கேப்பைக் கூழ் குடிப்பார். அந்த வாரம் மட்டும் மாத்திரையும் உண்டு, காலை நடையும் உண்டு. சோதனைத் தாளில் எண் சமர்த்தாக இருக்கும். டாக்டர் பாராட்டுவார்.

அன்று சாயங்காலமே அல்வாப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வருவார். ஆளுக்குப் பாதி.

டாக்டரை ஏய்த்த கதையைக் கடைத்தெருவில் பெருமையாகச் சொல்வார். சிறுநீர் நுரைத்துப் போனதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. கால் வீங்கியபோது, நின்றே வியாபாரம் பார்ப்பதால் என்றார்.

இந்த ஆஸ்பத்திரியில் அந்த வித்தை செல்லாது. மூன்று மாதச் சர்க்கரையையும் ஒரே சொட்டு ரத்தத்தில் சொல்லிவிடுகிறார்கள். அவருக்கே இங்கே வந்த பிறகுதான் தெரியும். சிறுநீரகம் கொடுக்க வருகிறவர்களுக்கும் அதே சோதனைதான்.

கதவு திறந்தது.

செல்லக்கனி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையிலிருந்த ஃபைலைப் பைக்குள் வைத்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன சொன்னாவ?"

"பொருந்தலையாம்."

"ரத்தம் ஒண்ணுதான்னாவளே?"

"அது மட்டும் போதாதாம். இன்னும் என்னென்னமோ இருக்காம்."

அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். நன்றாக இருந்த போர்வையைச் சரிசெய்தாள்.

அவர் மேலே பார்த்தார். மின்விசிறியில் ஒட்டடை இருந்தது. இனி அதைத்தான் வாரம் இரண்டு நாள் பார்க்க வேண்டும். உடம்பு தாங்குகிற வரைக்கும்.

வாசலில் டீக்காரர் தலையை நீட்டினார். துணைக்கு வருகிறவர்களின் கணக்கெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"யக்கா, சீனி தூக்கலாத்தானே?"

வீட்டில் இவர் அதைக் கேலி செய்வார். நீ குடிப்பது டீயா பாயசமா என்று.

"சீனி போடாதீங்க."

"அண்ணாச்சிக்கா?"

"எனக்குத்தான்."

டீக்காரர் ஆற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

போன வாரம் முழுக்க அவள் கேப்பைக் கூழ்தான் குடித்தாள். ஏன் என்று கேட்டார். அம்மனுக்கு நேர்ந்திருக்கிறேன் என்றாள். நம்பினார். நம்பினால் நல்லது என்று தோன்றியதால் நம்பினார்.

அவளுக்கு வேறு வித்தை தெரியாது. அவரிடம் கற்றது அது ஒன்றுதான்.

செல்லக்கனி டீயை ஒரு வாய் குடித்தாள். முகம் சுளிக்காமல் விழுங்கினாள்.

அவர் வலது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏளா."

"என்னங்க?"

"உனக்குக் காலு வீங்குதா?"

அவள் பாதங்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.