அப்பா பக்கத்தில் ஆறடி

மிர்லான் கூடாரத்துக்குள் வந்து எனக்குப் பின்னால் மண்டியிட்டான்.

முற்றத்தில் கட்டிய கம்பளிக் கூடாரம் அது. திரைக்குப் பின்னால் அவன் அண்ணன் கிடந்தார். என் கணவர் எர்மெக். இறந்து மூன்றாவது நாள்.

இஸ்லாத்தை விட்டுக் கர்த்தரிடம் போனவனுக்கு ஊர் இடுகாட்டில் இடம் இல்லை என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். ஜூலை மாதம். திரைக்குள் வைத்த ஐஸ் உருகி, கம்பளம் நான் உட்கார்ந்திருந்த இடம் தாண்டியும் நனைந்துவிட்டது.

“அண்ணி, பெரியவங்க எறங்கி வந்துட்டாங்க. ஒரே ஒரு வார்த்தைதான் கேக்குறாங்க. கடைசி நேரத்துல அண்ணன் நம்ம மார்க்கத்துக்கே திரும்பிட்டாருன்னு சொல்லுங்க, போதும். முல்லா தொழுகை வைப்பாரு. அப்பா பக்கத்துலயே எடம்.”

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிறுத்தினாள். “இல்லேன்னா அந்த ஏசுவையே மண்வெட்டியோட வரச் சொல்லு.”

யாரோ ஒருத்தி சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒன்பது வருடங்களுக்கு முன் நாங்கள் இருவரும் ஏரியில் இறங்கி ஞானஸ்நானம் எடுத்தோம். அதன் பிறகு ஊரில் ஒரு கல்யாணத்துக்கும் எங்களைக் கூப்பிட்டதில்லை. மிர்லான் மட்டும் வருவான். பனி விழும் முன் ஒரு வண்டி நிலக்கரியைக் கொட்டிவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போய்விடுவான்.

நகரத்துப் போதகரின் மனைவி அய்னாகுல் என் பக்கத்தில் இருந்தாள். வந்த அன்றே சொல்லியிருந்தாள்: திட்டினால் தலைகுனிந்து கேள், சொன்ன வேலையைப் பணிந்து செய், பொய் மட்டும் சொல்லாதே.

பணிந்துதான் நடந்தேன். கூந்தலை அவிழ்க்கச் சொன்னார்கள், அவிழ்த்தேன். வாசலுக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன்.

“அந்த நேரத்துல நீங்க மட்டும்தானே கூட இருந்தீங்க? நீங்க சொன்னா யாரு மறுக்கப் போறா? ஒங்க கால்ல விழுறேன் அண்ணி.”

விழுந்தான். நாற்பது வயது ஆண், அத்தனை பெண்களுக்கு நடுவில், அந்த ஈரத்தில் நெற்றியை வைத்தான்.

அய்னாகுல் என் கையை இறுக்கினாள்.

வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். தலையை மட்டும் அசைத்தேன், இல்லை என்று.

மிர்லான் எழுந்தான். வெளியே போகும் முன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

சற்று நேரத்தில் ஒரு கிழக் குரல் கேட்டது. “கால்வாய்க்கு அந்தாண்ட, கல்லுக்காட்டுல தோண்டுங்கடா.”

“நீ கர்த்தருக்கு முன்னாடி உண்மையா நின்னுட்டேம்மா,” என்றாள் அய்னாகுல். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

எர்மெக் இறந்த அந்த வெள்ளிக்கிழமை விடியலில் அவருக்கு மூச்சு இழுத்தது. என்னைப் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, சிறுவயதில் அவர் அப்பா சொல்லிக்கொடுத்த கலிமாவை, அல்லாஹ்வைத் தவிர இறைவன் இல்லை என்ற அந்த உறுதிமொழியை, சொன்னார். தெளிவாக. இரண்டு முறை.

மூன்றாவது முறை தொடங்கியபோது நான் ஜெபிக்க ஆரம்பித்தேன், அவர் குரல் எனக்குக் கேட்காத அளவுக்குச் சத்தமாக.