முத்திரை உடையாத டப்பா

"உங்க புருஷன் இப்படி ஏமாத்துவார்னு நினைக்கலம்மா!"

ரெட்டோ அந்தத் தகர டப்பாவைச் சமையலறை மேசையில் தொப்பென்று போட்டார். உள்ளேயிருந்து லாட ஆணிகள் சிதறின.

மெங்கியா பதறவில்லை. எழுபத்தெட்டு வயதில் பதறவும் தெம்பு வேண்டாமா? ஒவ்வொரு ஆணியாகப் பொறுக்கினாள்.

"மெதுவா பேசுங்க தம்பி. அவர் தொழுவத்துல பால் கறந்துட்டிருக்கார்."

"கேட்கட்டுமே! போர் வந்தா மட்டும் பிரிக்கணும்னு பட்டாளத்துல துப்பாக்கியோட வீட்டுக்குக் கொடுத்தனுப்பின டப்பா, உள்ளே இருபத்து நாலு தோட்டாவும் அப்படியே இருக்குன்னு சத்தியம் பண்ணித்தானே கொடுத்தார்? பழைய தோட்டா சேர்க்கிறவங்க கூட்டத்துல எடை போட்டா நாற்பது கிராம் கூடுதல். எல்லார் முன்னாலயும் வெட்டிப் பார்த்தாங்க. ஆணி! மானமே போச்சு."

"முத்திரை போட்டதை யாரும் பிரிக்க மாட்டீங்கன்னு நம்பி இருந்துட்டேன்."

"எங்க அப்பா பட்டாளத்து ஆயுதக் கிடங்குல அதிகாரியா இருந்தவர். வருஷா வருஷம் இந்த மாதிரி டப்பாவைப் பரிசோதிக்கிறதே அவர் வேலை. ஒரு கீறல் இருந்தாலும் ஆளை உள்ளே தள்ளிடுவார். அப்படிப்பட்ட..."

சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

அப்படிப்பட்ட மனுஷன் செத்த அன்று, அவர் மேசை டிராயரில் இருபத்து நாலு தோட்டா கிடந்தது. அரசாங்கத் தோட்டா, டப்பா இல்லாமல். ஊருக்குத்தான் உபதேசமா என்று ரெட்டோவுக்கு வெறுத்துப்போனது. அப்பா கல்லறைப் பக்கம் போய்ப் பதினோரு வருஷமாகிறது. இந்தச் சேகரிப்புப் பைத்தியமும் அந்தத் தோட்டாவில் பிடித்ததுதான்.

மெங்கியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவர் ஏமாத்தல தம்பி. அவருக்கே தெரியாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலுல எங்க பையன் பனிச்சரிவுல போயிட்டான். ஆறு வயசு. இவர் ரொட்டியைத் தொடல, மாட்டைப் பார்க்கல. இந்த டப்பாவை மடியில வெச்சுக்கிட்டு நாள் பூரா உட்கார்ந்திருந்தார். பட்டாளத் துப்பாக்கி பக்கத்துச் சுவத்துலயே தொங்கிட்டிருந்தது. கண்ணயர்ந்த நேரம் பார்த்து, டப்பாவைத் தூக்கிட்டுக் கிடங்குக்கு ஓடினேன்."

"கிடங்குக்கா?"

"வேற எங்க போவேன்? துப்பாக்கியைப் பிடுங்கிடுங்கய்யான்னு அதிகாரி கால்ல விழாத குறையா கெஞ்சினேன். 'பிடுங்கினா ஊரே கேட்கும், அந்த அவமானத்துலயே உடைஞ்சிடுவான்'னார். அவரே டப்பாவைப் பிரிச்சார். ஆணியைத் துணியில சுத்தி வெச்சு, ஈயம் பத்தவெச்சு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். அப்புறம் வருஷா வருஷம் பரிசோதனையில, 'சபாஷ் கஸ்பர், ஒரு கீறல் இல்ல'ன்னு இவர் தோளைத் தட்டுவார். இவர் பட்டாளத்துலேருந்து ஓய்வு பெற்றப்பவும் திருப்பி வாங்காம, 'நினைவா வெச்சுக்கோ'ன்னுட்டார். அந்தத் தட்டுலதான் தம்பி இந்த மனுஷன் நிமிர்ந்தார்."

கதவு திறந்தது. பால் வாளியோடு கஸ்பர்.

மெங்கியா ஆணிகளை மடியில் மறைத்தாள். ரெட்டோ தொப்பியைக் கழற்றி டப்பாவின் மேல் கவிழ்த்தார்.

"அட, ரெட்டோவா! கூட்டத்துல காட்டினியா? என்ன சொன்னாங்க? எங்கயாவது கீறல் இருக்குன்னானா எவனாவது?"

"ஒரு கீறல் இல்லய்யா. சபாஷ்னாங்க."

"பின்னே! யார் வெச்சிருந்தது?"

கிழவர் வாளியை வைத்துவிட்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு மறுபடி தொழுவத்துக்குப் போனார்.

ரெட்டோ தொப்பியை மெல்ல எடுத்தார். கேட்கவும் பயமாக இருந்தது.

"அந்த இருபத்து நாலு தோட்டா... அது என்ன ஆச்சும்மா?"

"நானும் கேட்டேன் தம்பி. திரும்பக் கிடங்குல வெச்சா உங்க வீட்டுக்காரர் பேர் வெளிய வந்துடும்னார். 'என் மேசை டிராயர்லயே கிடக்கட்டும்மா. நான் செத்தப்புறம் எவனாவது பார்த்துத் திருடன்னு சொன்னா, என்னைத்தானே சொல்லுவான்'னு சிரிச்சார்."